வெறுங்காலுக்குப் போட்ட புல்

என் கணவருக்குப் பாதம் எரியத் தொடங்கியதால்தான் எங்கள் வீட்டு முன்னால் புல் வந்தது. மற்றபடி நாங்கள் ஆசைக்குப் புல் வளர்க்கிற ஆட்கள் இல்லை. இருவருமே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனவர்கள். அவருக்கு இரும்புக் கம்பி உருட்டும் மில்லில், ஃபர்னஸ் பக்கம் வேலை. எனக்கு வேறொரு கம்பெனியின் ஸ்டோரில். கையுறை, ஷூ, ஹெல்மெட் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகியிருந்தது. கால் எரிகிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் ஃபர்னஸ் சூடு என்றுதான் இருவரும் நினைத்தோம். நாள் முழுக்கக் கனமான ஷூவுக்குள் கால் வெந்துகொண்டிருந்தால் எரியாதா? லீவு போட்டு, ஃபேனுக்கு நேராகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு வாரம் முழுக்கவும் எரிந்தது. அப்போதுதான் பயம் வந்தது. திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் போனோம். சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கிறது, எரிச்சலைக் குறைக்கலாம், முழுக்கப் போகாது என்றார். மாத்திரை கொடுத்தார். தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நாளில் அவரால் ஷிஃப்ட் முழுக்க நிற்க முடியவில்லை. மில்லிலிருந்து நின்றுவிட்டார்.

வீட்டில் அவர் குளியலறை ஈரத் தரையில் போய் நிற்பார். சாக்கை நனைத்துப் போட்டு அதன்மேல் கால் வைத்துக்கொள்வார். சாக்கு சூடாகிவிட்டது, மாற்று என்பார். நான் மாற்றிப் போடுவேன்.

அந்தச் சமயத்தில் என் சித்தி மகள் வீட்டுக் கல்யாணம் வந்தது. திருவள்ளூர் ரோட்டில், முன்பக்கம் பெரிய புல்தரை வைத்த மண்டபம். கால் எரிச்சலோடு வந்தவர், பந்திக்குக் கூப்பிடும் நேரத்தில் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். புல்தரை நடுவில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்.

"பந்தி முடிஞ்சிரப் போவுது, வாங்க."

"இரும்மே. எரியல."

அவ்வளவுதான் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முகத்தில் எப்போதும் இருக்கிற சுருக்கம் போயிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு நாங்கள் கடைசிப் பந்தியில் சாப்பிட்டோம். பாயசம் தீர்ந்து போயிருந்தது. வண்டியில் திரும்பும்போது, வீட்டு முன்னால் கார் நிறுத்த விட்ட இடம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே புல் போடலாம் என்றார். நாங்கள் கார் வாங்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புல் போட வந்தவர் பள்ளிப்பட்டு ஆள். லாரியில் புல்லைப் பாய் மாதிரி சுருட்டி அடுக்கிக்கொண்டு வந்தார். பேச்சில் பாதி தெலுங்கு. எங்கள் மண்ணைக் கடப்பாரையால் இரண்டு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா நைனா, இது மண்ணா? மொத்தமும் கசடு."

அவர் சொன்னது சரி. எங்கள் மனை இருந்தது பள்ளத்தில். வீடு கட்டும்போது மில்லுகளிலிருந்து வருகிற இரும்புக் கசடையும் இடித்த வீட்டுக் குப்பையையும் லோடு லோடாகக் கொட்டித்தான் மேடாக்கினோம். இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

மேலாக்கக் கொஞ்சம் வழித்து எடுத்துவிட்டு, செம்மண்ணும் எருவும் பரப்பி, அதன்மேல் புல்லை விரித்தார். கொரியன் புல். "பஞ்சு மாதிரி இருக்கும் நைனா, மெத்தையே தேவயில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் மாதம் பஞ்சு மாதிரித்தான் இருந்தது. என் கணவர் காலையும் மாலையும் நடந்தார். நான் கூடக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு புல் வேர் பிடித்து நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் ஒவ்வொரு நுனியும் ஊசி. எனக்கே காலில் குத்தியது. அவருக்கு எரிகிற பாதத்தில் ஊசி குத்தினால் எப்படி இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு சில நாள் நடந்தார். பிறகு விளிம்பில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். அந்த ஆளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கொரியன்னா குத்தத்தான் செய்யும். அது பாக்கறதுக்குப் போடறது."

"நடக்கறதுக்குன்னு சொல்லித்தான உங்கள வரச் சொன்னோம்?"

"நடக்கறதுக்கா? பெரியவரு சும்மா சொல்றாருன்னு நெனச்சேன்."

இரண்டாம் தடவை பஃபலோ புல் போட்டோம். இலை அகலம், மிருது, கொஞ்சம் நிழலையும் தாங்கும். ஆனால் தண்ணீர் குடிக்கும். எங்கள் போர் தண்ணீரோ உப்பு. கடல் தூரம் இல்லை, வருடா வருடம் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. அதை ஊற்றினால் புல் நுனி வெளுத்துக் கருகும், மண்மேல் உப்புப் பூத்து நிற்கும். ஊற்றாவிட்டால் வெயிலில் காயும். மாடியில் குடியிருந்தவர்களின் ஏசித் தண்ணீர் சொட்டுகிற குழாய்க்குக் கீழே பக்கெட் வைத்தேன். அரிசி களைந்த தண்ணீர், பருப்புக் கழுவிய தண்ணீர் எல்லாம் புல்லுக்குப் போனது. பாதி உப்புத் தண்ணீர், பாதி இந்தத் தண்ணீர் என்று கலந்து ஊற்றக் கற்றுக்கொண்டேன்.

கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் சமையலை முடிக்க வேண்டும், அவருக்கு நாஷ்டா எடுத்து வைக்க வேண்டும், சர்க்கரைக்கு ஊசி போட வேண்டும். இதோடு புல்லும் சேர்ந்துகொண்டது. அதிலும் ஒன்று, வேறு எந்த ஊரிலாவது செய்வார்களா தெரியவில்லை. நான் தினமும் புல்லைக் கழுவினேன். இரவெல்லாம் மில் புகைபோக்கிகளிலிருந்து கறுப்புத் தூள் இறங்கும். மொட்டை மாடி, துணிக் கொடி, தண்ணித் தொட்டி மூடி எல்லாவற்றிலும் படியும். புல்லிலும் படியும். அதில் நடந்தால் பாதம் கரிச்சட்டி ஆகிவிடும். அதனால் அவர் நடப்பதற்கு முன்னால் ஹோஸைப் பிடித்துத் தூளை ஓரத்துக்குத் தள்ளுவேன், அந்த உப்புப் போகக் கலந்த தண்ணீரை மேலே ஊற்றுவேன். எதிர்வீட்டுப் பெண் துடைப்பத்தோடு நின்று பார்ப்பாள்.

"இன்னாக்கா, புல்லுக்குக் குளிப்பாட்டி வுடறியா? மாடு எப்போ வருது?"

"மாடு வந்தா அதுக்கும் நான்தான் குளிப்பாட்டணும், போடி."

ஞாயிற்றுக்கிழமை கோரை பிடுங்க வேண்டும். கோரையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே நின்றுவிடும், அடுத்த வாரம் மறுபடியும் தலை காட்டும். புல் வெட்டும் மெஷின் ஒன்று வாங்கினோம். அதன் பிளேடு மண்ணில் கிடந்த கசடுக் கட்டியில் பட்டுப் பட்டு மழுங்கியது. பிறகு செடி வெட்டும் பெரிய கத்தரியால் உட்கார்ந்து உட்கார்ந்து வெட்டினேன். திங்கட்கிழமை ஸ்டோரில் ஷூ பெட்டி தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஆனால் அவர் நடந்தார். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஈரப் புல்லில் காலை வைத்ததும் ஒரு மூச்சு விடுவார். சமையலறையில் இருந்தாலும் அது எனக்குக் கேட்கும்.

வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் டைல்ஸில் வரிசையாகக் காபிக் கறை மாதிரி தெரிந்தது. வாசலிலிருந்து சமையலறை வரைக்கும், அங்கிருந்து டிவி வரைக்கும். குனிந்து பார்த்தேன். அது காபி இல்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது, ரத்தம்?"

"எங்க?"

"கால காட்டுங்க."

இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். சுண்டு விரலுக்குக் கீழே நகத்துண்டு மாதிரி வளைந்த ஒரு இரும்புச் சீவல் உள்ளே போயிருந்தது. நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அவர் அதோடு நடந்திருக்கிறார், டீ போட்டுக் குடித்திருக்கிறார், கொடியிலிருந்து துணி எடுத்து மடித்து வைத்திருக்கிறார்.

"வலிக்கலையா உங்களுக்கு?"

"எரியுது. அது எப்பவும் எரியறதுதான?"

எரிச்சல் மட்டும் அவருக்கு மிச்சம் இருந்தது. வலி எப்போதோ போய்விட்டிருந்தது. அது எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீவலை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். புண் ஆறவில்லை. முதலில் ஈரமாக இருந்தது, பிறகு நாற்றம் வந்தது, பிறகு விரல் கறுத்தது. திருவள்ளூரில் சேர்த்தோம். அங்கே இருந்த டாக்டர் அம்மா, சுண்டு விரலை எடுத்தால் பாதத்தைக் காப்பாற்றலாம், தள்ளிப் போட்டால் பாதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். என் கணவர் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"வெறுங்கால்ல எங்க நடந்தாரு?" டாக்டர் கேட்டார்.

"ஊட்டு முன்னாடி, புல்லுல மேடம்."

"புல்லுல நடக்கச் சொல்லி யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அவருக்கு நல்லா இருந்துச்சு."

டாக்டர் முகத்தில் கோபம் இல்லை. "இனிமே வீட்டுக்குள்ளயும் வெறுங்கால் வேணாம்மா. சூடு, சில்லு எதுவும் அவருக்குச் சரியாத் தெரியாது. பாத்ரூம் போனாலும் செருப்பு" என்றார்.

வார்டில் நான் பார்த்த பாதிப் பேருக்கு விரல் இல்லை. சிலருக்குப் பாதமே இல்லை. அவர்களுடைய மனைவிகள் என்னை மாதிரியே சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடி தூங்கினார்கள். கடம்பத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா, தினமும் மின்சார ரயிலில் சோறு கொண்டு வருவார். அவர் என்னிடம், "உம் புருசன் நடந்தாவது பட்டாரு. எங்காளு சும்மா உக்காந்துக்கினே பட்டாரு" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். எதற்குச் சிரித்தோம் என்று தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது புல் பாதி காய்ந்திருந்தது. நான் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றக் கூடாது என்று முடிவு எடுத்ததாகச் சொல்ல முடியாது. காலையில் ஹோஸைத் தாண்டி நடந்து போனேன், அவ்வளவுதான். காயட்டும் என்று இருந்தது. ஒரு நாள் சாயந்திரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பார்த்தால், அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பையைத் தரையில் போட்டேன்.

"ஒரு வெரலே போயிருச்சி. இன்னும் இதுக்குத் தண்ணியா?"

"வெரல எடுத்தது இரும்பு. புல்லு இன்னா பண்ணுச்சி?"

"அந்த இரும்பு எங்க இருந்துச்சி? இதுக்குள்ளதான?"

"மண்ணுல இருந்துச்சி. நாமதான கொட்டனோம்."

"நீங்க இனிமே இதுல கால் வெக்கவே போறதில்ல. டாக்டர் சொன்னது காதுல வுழலையா? இன்னாத்துக்கு இது? எனக்கு இடுப்பு ஒடையுது. காலையில எழுந்து இத்தக் குளிப்பாட்டி, உங்களப் பாத்து, பஸ்ஸ புடிச்சி, அங்க நின்னு, மறுபடி வந்து. பேஜாராப் போச்சிங்க எனக்கு."

ஹோஸைக் கீழே வைத்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நானே போய்க் குழாயை மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து, "பகல்ல நீ இல்லாதப்போ பாக்கறதுக்கு இது ஒண்ணுதான் கீது" என்றார், மெதுவாக. நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றப் போனவள், ஊற்றாமல் பாத்திரத்தோடு நின்றேன்.

மகளிடம் போனில் சொன்னேன். அவள் ஓசூரில் இருக்கிறாள். பிளாஸ்டிக் புல் போட்டுவிடு, தண்ணியும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம் என்றாள். மாதிரிக்கு ஒரு துண்டு கூரியரில் அனுப்பினாள். மதியம் வெயிலில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கை வைத்தேன். தோசைக்கல். அதை வாசல் மிதியடி ஆக்கினேன்.

எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி டயரில் இரும்புத் துண்டு ஏறாமல் இருக்கத் தரையைக் காந்தத்தால் பெருக்குவார்கள். நீளமான காந்தத்துக்கு இரண்டு பக்கமும் சக்கரம், தள்ளுவதற்கு ஒரு பிடி. அப்படி ஒன்று சக்கரம் உடைந்து பழைய சாமானில் கிடந்தது. மேனேஜரிடம் கேட்டேன். எதற்கு என்றார். புல்லைப் பெருக்க என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் வெளியே எடுத்துப் போக கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார்.

கம்பெனி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன் சீட்டு இரும்புக் குழாயில் போய் டப் என்று ஒட்டிக்கொண்டது. நான் இழுக்க, பக்கத்தில் இருந்தவள் இழுக்க, அது வரவில்லை. என் நிறுத்தத்தில் டிரைவர் எழுந்து வந்து சீட்டில் காலை ஊன்றிப் பிடுங்கிக் கொடுத்தார். பஸ் முழுக்கச் சிரிப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் சேலையைச் செருகிக்கொண்டு, ஒரு பக்கம் கயிறு கட்டி, காந்தத்தைப் புல்மேல் மெதுவாக இழுத்தேன். ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் போய்த் திருப்பிப் பார்த்தால் காந்தம் முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. ஆணி, கட்டுக்கம்பி, வெல்டிங் குச்சியின் அடித்துண்டு, துரு, சீவல். இதன்மேல்தான் அவர் இத்தனை நாள் நடந்திருக்கிறார்.

அவர் நாற்காலியிலிருந்தே கையை நீட்டினார். காந்தத்தை அவர் மடியில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டார்.

"இது சென்ட்ரிங் ஆணி. இது கட்டுக்கம்பி. இது பாரு, செதில் மாதிரி கீதே, இது கம்பி உருட்டும்போது உதிர்றது. மில்லு சாமான்."

"உங்க மில்லா?"

"யாரு கண்டா. எல்லா மில்லுலயும் இதான் உதிரும்."

டப்பாவின் அடி மறைந்தது. நான் மறுபடி இழுத்தேன். குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. அதன் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. முடிகிற வேலை இல்லை. ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்கி, கீழே இருக்கிறது மேலே வரும். கண்ணாடித் துண்டு காந்தத்துக்கு வராது. அதற்குக் கையால்தான் தடவிப் பார்க்க வேண்டும். இவ்வளவு செய்தும் அவர் அதில் வெறுங்காலை வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கிய மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பைப் பட்டையெல்லாம் போட்டுக்கொண்டு புல்லில் நடந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலம்மே" என்றார். பிறகு நடக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. போர் தண்ணீர் தேவைப்படவில்லை. உப்பெல்லாம் கரைந்து போய், மழைத்தண்ணீர் குடித்த புல் நான் இதுவரை பார்க்காத பச்சையில் வளர்ந்தது. வெட்ட எனக்குத் தெம்பு இல்லை. மூன்று பேர் லீவு போட்டதால் ஸ்டோரில் என் தலையில் எல்லா வேலையும் விழுந்திருந்தது. வீட்டுக்கு வந்து சோறு வடிப்பதற்குள் கண் இருட்டும். புல் கணுக்காலைத் தாண்டிச் சாய்ந்து கிடந்தது.

மழை விட்ட ஒரு சாயந்திரம் தெருமுனையில் இறங்கி வந்தேன். கேட் திறந்திருந்தது. நாற்காலி காலி. புல் நடுவில் அவர் மல்லாந்து கிடந்தார். கை இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்திருந்தன. சர்க்கரை இறங்கி விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஓடிப் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். இன்னாங்க, இன்னாங்க என்று கத்தினேன்.

கண்ணைத் திறந்தார்.

"இன்னாத்துக்கு இப்படிக் கத்தற?"

"வுழுந்துட்டீங்களா? எங்க அடி?"

"வுழல. படுத்துக்கினு கீறேன்."

காலைப் பார்த்தேன். செருப்பு, பட்டை எல்லாம் சரியாகப் போட்டிருந்தார்.

"கால் வெக்கக் கூடாதுன்னுதான டாக்டரம்மா சொன்னாங்க. முதுகு வெக்கக் கூடாதுன்னு சொல்லலையே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடிக்கலாம் போலவும் இருந்தது. அங்கேயே, ஈரத்தில், சேலையோடு உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாள் அந்தப் புல்லில் குனிந்திருக்கிறேன், குந்தியிருக்கிறேன், அதன்மேல் கயிறு இழுத்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"முதுகுக்கு எப்படி கீது?" என்று கேட்டேன்.

"முதுகுக்கு இன்னா, அது எரியலையே. ஆனா சில்லுனு ஏறுது பாரு, கால் வரிக்கும் போற மாதிரி கீது." கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "நீயும் படேன். நாள் பூரா நின்னுக்கினு வர்ற."

"எதிர்வீட்டுல பாப்பாங்க."

"பாக்கட்டும்."

நான் படுக்கவில்லை. காலை மட்டும் நீட்டிக்கொண்டேன். கம்பெனி ஷூவைக் கழற்றினேன், சாக்ஸைக் கழற்றினேன். நாள் முழுக்க வெந்த பாதத்தில் ஈரம் பட்டது. தொழிற்பேட்டைப் பக்கம் புகை ஏறிக்கொண்டிருந்தது. நாளைக் காலையில் அது இங்கேதான் வந்து படியும். கழுவ வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையாவது வெட்ட வேண்டும். அதையெல்லாம் நினைத்துக்கொண்டே, எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

"எழுந்திருங்க. எறும்பு ஏறுது பாருங்க, கழுத்துல."

"ஏறட்டும்" என்றார்.

நான் கையை நீட்டித் தட்டிவிட்டேன்.